குட்டிச்சாத்தான் வீட்டுல ரெண்டு ராத்திரி: புக் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிட்டுப் போங்க

கோலாலம்பூர்ல இருந்து ஒரு மணி நேரம் காடி ஓட்டினா போதும், இப்பல்லாம் மலை அடிவாரத்துல ஆத்தோரத்துல செம்பனைத் தோட்டத்துக்கு நடுவுலன்னு விதவிதமா வீடு கட்டி வாடகைக்கு விடறாங்க, வட்டக் கதவு வச்சு கூரை மேல புல்லு முளைச்ச மண்ணு வீடு, மரத்து மேல வீடு, காளான் மாதிரி குடிசை, கோபுரம் வச்ச கோட்டை. போன்ல பாத்தா பிள்ளைங்கள விடுங்க, நமக்கே வாய் பொளந்துக்கும். போன வருஷம் ஸ்கூல் லீவுல நாங்களும் அப்படி ஒரு வீட்டுக்குப் போனோம், நான், வீட்டுக்காரர், ரெண்டு பசங்க, அப்புறம் என் மாமியார். மாமியார் தோட்டத்துல பொறந்து லயத்துல வளர்ந்தவங்க, வயசு 72. காடிய விட்டு எறங்கி அந்த வட்டக் கதவை ஒரு தடவ ஏற இறங்கப் பாத்துட்டு, "ஏம்மா, இது என்ன குட்டிச்சாத்தான் வீடா?" ன்னாங்க. அடுத்த கேள்வி ஒரு ராத்திரிக்கு எவ்ளோன்னு. 200 வெள்ளின்னு பொய் சொன்னேன். உண்மையில 380.

அந்த ரெண்டு நாள்ல நான் கத்துக்கிட்டது, அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு மூணு எடம் போய்ப் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது எல்லாத்தையும் சேத்துத்தான் இத எழுதறேன். ஒண்ணை மட்டும் முதல்லயே சொல்லிடறேன், தீம் எல்லாம் வாசக்கதவோட முடிஞ்சிடும், உள்ள போனா உங்களுக்கு இருக்கப் போறது ஒரு படுக்கை, ஒரு பாத்ரூம், ஒரு காத்தாடி, அவ்ளோதான். அதனால கதவைப் பாத்து காசு கட்டாதீங்க, பாத்ரூமைப் பாத்து கட்டுங்க.

யாரு வர்றாங்க?

எந்த வீடுன்னு தேடறதுக்கு முன்னாடி யார் யார் வர்றாங்க, யாருக்கு முட்டி வலி, யாரு ராத்திரில மூணு தடவ எந்திரிச்சு பாத்ரூம் போவாங்க, யாருக்கு ஆஸ்துமா இதை எல்லாம் எண்ணிக்கோங்க. குட்டையா கட்டின வீட்டுல நிலைப்படி ரொம்பத் தாழ்வா இருக்கும், எங்க வீட்டுக்காரர் ஆறடிக்குக் கொஞ்சம் கம்மி, முதல் நாளே மூணு தடவ இடிச்சு நெத்தியில எலந்தப்பழம் மாதிரி வீங்கிடுச்சு. மாமியாருக்கு அந்தப் பிரச்சன இல்ல, ஆனா அவங்களுக்குப் படுக்கை பிரச்சன, தரையோட தரையா ஒரு மெத்தைய போட்டு வச்சிருந்தாங்க, படுத்தா எந்திரிக்க ரெண்டு பேர் கை குடுக்கணும். படத்துல அது 'அழகா' இருந்துச்சு.

மாடியில ஏணி வச்சுப் படுக்கற மாதிரி இருந்தா கைப்பிடி இருக்கான்னு கேளுங்க, அஞ்சு வயசுக்குக் கீழ பிள்ளை இருந்தா அந்த வீடே வேணாம், அவன் ராத்திரி தூக்கத்துல எந்திரிச்சு நடந்தா நீங்க தூங்கின மாதிரிதான்.

எந்த மாதிரி வீடு

மண்ணு மூடின வட்டக் கதவு வீடு பத்தி கொஞ்சம் விளக்கமாச் சொல்றேன், ஏன்னா எல்லாரும் இதுக்குத்தான் ஆசப்படறாங்க. குளிர் நாட்டுல கூரை மேல மண்ணைப் போட்டு புல்லு வளத்தா உள்ள இருக்கற சூடு வெளிய போகாது, காத்தும் அடிக்காது, அதுக்குத்தான் அந்தக் காலத்துல அப்படிக் கட்டினாங்க. நமக்கு இங்க குளிரா பிரச்சன? புழுக்கம்தான் பிரச்சன. மழை பெஞ்ச மண்ணு காயவே காயாது, சுவர் உள்பக்கம் வேர்க்கும், ஒரே ஒரு சன்னல் அதுவும் கதவு பக்கமே இருந்தா காத்து உள்ள வரும் வெளிய போக வழி இருக்காது. அப்புறம் தலகாணி எல்லாம் ஈரத்துணி மாதிரி இருக்கும், பூஞ்சை வாடை அடிக்கும். எதிர் எதிரா ரெண்டு சன்னல் இருக்கா இல்ல ஏர்கான் இருக்கான்னு கேட்டுக்கோங்க, ஏர்கான் இருந்தா ரிமோட்ல 'ட்ரை' ன்னு ஒரு மோட் இருக்கும், போன உடனே அதப் போட்டு ஒரு மணி நேரம் விட்டா அறை வேற மாதிரி ஆயிடும்.

இதுல எனக்குத் தெரிஞ்ச ஒரு குறுக்கு வழி, போயிட்டு வந்தவங்க எழுதின ரிவ்யூ பாதி மலாய்லதான் இருக்கும், அதுல நாலு வார்த்தைய மட்டும் தேடுங்க: 'ஹாப்பாக்', 'லெம்பாப்', 'செமுட்', 'பிசிங்'. பூஞ்சை வாடை, ஈரம், எறும்பு, சத்தம். முதல் ரெண்டும் ரெண்டு தடவைக்கு மேல வந்தா அந்த வீட்ட விட்டுடுங்க. எறும்பு எல்லா எடத்துலயும்தான் இருக்கும், அதுக்குப் பயந்தா வீட்டுலயே இருக்க வேண்டியதுதான்.

மரத்து மேல வீடுன்னு போட்டிருப்பாங்க, முக்காவாசி எடத்துல அது மரத்து மேல இருக்காது, இரும்புத் தூணு மேல மரத்துக்குப் பக்கத்துல இருக்கும். அது ஒண்ணும் ஏமாத்து இல்ல, சொல்லப்போனா அதுதான் பாதுகாப்பு. கேக்க வேண்டியது பாத்ரூம் மேலயா கீழயான்னு. கீழன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு மழையில டார்ச் அடிச்சுக்கிட்டு ஈரப்படியில எறங்கணும், அத மனசுல ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டு புக் பண்ணுங்க.

கன்டெய்னர் வீடு, பெரிய குழாய் மாதிரி வீடு இதெல்லாம் பகல்ல சுடும், ராத்திரி பரவால்ல. செக்கிஞ்சான்ல வயல் நடுவுல கன்டெய்னர்ல தங்கலாம், வருஷத்துக்கு ரெண்டு போகம் அங்க, அதனால பயிரு பச்சையா நிக்குதா பழுத்திருக்கா அறுத்தாச்சான்னு முதலாளிக்கிட்ட கேட்டுட்டுப் போங்க, அறுத்த வாரத்துல போனீங்கன்னா சேறுதான் பாக்கலாம். செரண்டால 'செக்கெப்பிங் செரண்டா' ன்னு ஒண்ணு இருக்கு, இங் செக் சான்னு நம்ம நாட்டு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் கட்டினது, காட்டுக்குள்ள கண்ணாடியும் இரும்பும் வச்ச வீடு. கண்ணாடி வீடு எதுவா இருந்தாலும் சரி, விடிஞ்சா வெளிச்சம் மூஞ்சில அடிக்கும், மாமியாரோட போறவங்க யோசிச்சுக்கோங்க.

கோட்டை ஆசை இருந்தா புக்கிட் திங்கி மலை மேல கோல்மார் திராப்பிக்காலே இருக்கு, பிரான்ஸ்ல அல்சாஸ் பக்கம் கோல்மார்னு ஒரு ஊரு, அதைப் பாத்துக் கட்டின கிராமம். ஹோட்டல் மாதிரிதான், லிஃப்ட் இருக்கான்னு எல்லாம் கேட்டுக்கலாம், வயசானவங்களுக்கு மண்ணு வீட்ட விட இது லேசு.

நிஜக் கோட்டை பாக்கணும்னா ஈப்போ பக்கம் பத்து காஜாவுல கெல்லி கோட்டை. ராத்திரி தங்க முடியாது, பகல்ல பாத்துட்டு வரலாம். வில்லியம் கெல்லி ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து தோட்டத் தொரை 1915ல ஆரம்பிச்சாரு, முடிக்கறதுக்குள்ள 1926ல லிஸ்பன்ல நிமோனியா வந்து செத்துட்டாரு, இன்னைக்கு வரைக்கும் அது பாதியிலயே நிக்குது. கட்டினது யாருன்னு நெனக்கிறீங்க, மெட்ராஸ்ல இருந்து கூட்டியாந்த நம்மாளுங்க. வேலையாளுங்களுக்குக் காய்ச்சல் வந்து வரிசையா செத்தப்ப மாரியம்மனுக்குக் கோயில் வேணும்னு கேட்டிருக்காங்க, அவரும் கட்டிக் குடுத்திருக்காரு. கொஞ்ச தூரத்துல அந்தக் கோயில் இருக்கு, மேல சாமி சிலைங்களோட சிலையா வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கிட்டு தொரையும் நிக்கறாரு. கோட்டைய மட்டும் பாத்துட்டு திரும்பறவங்கதான் அதிகம், நீங்க கோயிலையும் பாத்துட்டு வாங்க.

படத்தை நம்பாதீங்க, காசை அவசரப்பட்டு அனுப்பாதீங்க

முதலாளி போடற படம் கட்டின முதல் மாசத்துல எடுத்தது. நம்ம சீதோஷ்ணத்துல வெள்ளைப் பெயின்ட் ஒரு வருஷத்துல பச்சையாயிடும். அதனால கெஸ்ட் எடுத்த படம், அதுவும் கடைசி மூணு மாசத்துப் படம் இருக்கான்னு பாருங்க. அப்புறம் வாட்சப்ல நைசா கேளுங்க, 'போஸ், பாத்ரூம் ஒரு பதினஞ்சு செகண்ட் வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா' ன்னு. ஒழுங்கான ஆளு அஞ்சு நிமிசத்துல அனுப்பிடுவாரு. 'எல்லாம் நல்லா இருக்கும் அக்கா, நம்புங்க' ன்னு பதில் வந்தா நம்பாதீங்க.

டெபாசிட் கேக்கும்போது பேங்க் அக்கவுண்ட் யாரு பேர்ல இருக்குன்னு பாருங்க, கம்பெனி பேரு ஒண்ணு அக்கவுண்ட் பேரு வேற யாரோன்னா நிறுத்துங்க. போலீஸோட 'செமாக் மியூல்' வெப்சைட்ல அக்கவுண்ட் நம்பரையும் போன் நம்பரையும் போட்டுப் பாக்கலாம், ஏற்கனவே புகார் இருந்தா காட்டும், காசு ஒண்ணும் கிடையாது. காட்டலன்னா சுத்தமான ஆளுன்னு அர்த்தம் இல்ல, இன்னும் யாரும் புகார் குடுக்கலன்னும் இருக்கலாம். தெரியாம அனுப்பிட்டீங்களா, உடனே உங்க பேங்க்கோட ஹாட்லைனுக்கு இல்ல மோசடிப் புகாருக்குன்னு இருக்கற 997க்கு அடிங்க, சாயந்திரம் பாத்துக்கலாம்னு விட்டா காசு கை மாறிடும். என் அண்ணி ஒருத்தங்க ஃபேஸ்புக்ல பாத்த கோட்டை வீட்டுக்கு 300 வெள்ளி போட்டுட்டு, சாமான் செட்டோட பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போய் எறங்கினா அங்க ஒரு கோழிப் பண்ணைதான் இருந்துச்சு. இன்னைக்கும் கல்யாண வீட்டுல யாராச்சும் கோழி பிரியாணி போட்டா அவங்க மூஞ்சப் பாப்போம்.

பில்லுல 8 சதவீதம் சர்வீஸ் டெக்ஸ் இருந்தா அது 2024 மார்ச்சுல இருந்து வந்தது, கேள்வி கேக்க வேணாம். ஆனா டூரிசம் டெக்ஸ் 10 வெள்ளி வெளிநாட்டுக்காரங்களுக்கு மட்டும்தான், மைகார்ட், அதான் நம்ம அடையாள அட்டை, காட்டினா நமக்குக் கிடையாது. ஊர்ல இருந்து சித்தப்பா சித்தி வந்திருந்து அவங்க பேர்ல அறை போட்டா கட்டணும், ஆளுக்கு இல்ல, ஒரு அறைக்கு ஒரு ராத்திரிக்கு.

லைசென்ஸ், சரிவு, ஆறு

இத தயவுசெஞ்சு தாண்டிப் போகாதீங்க. 2022 டிசம்பர் 16 விடியக்காலைல பத்தாங் காலி பக்கம் ஒரு கேம்ப் எடத்துல மண்ணு சரிஞ்சு 31 பேரு போயிட்டாங்க, பிள்ளைங்களும் இருந்தாங்க. அங்க பண்ணை வைக்கத்தான் அனுமதி, கேம்ப் நடத்த லைசென்ஸ் இல்லன்னு அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. அதனால 'லைசென்ஸ் இருக்கா, எந்த கவுன்சில்' னு கேக்கறதுல வெக்கம் வேணாம். சாட்டிலைட் மேப்ல அந்த எடத்தைப் போட்டு பெருசு பண்ணிப் பாருங்க, வீட்டுக்குப் பின்னாடி மொட்டையா வெட்டின சரிவு இருக்கா, மேல ரோடு போகுதா. போன பிறகு பாத்தீங்கன்னா சரிவுல புது வெடிப்பு, சாஞ்ச மரம், சுவர் அடியில சேத்துத் தண்ணி கசியறது, இதுல ஒண்ணு இருந்து மழையும் விடாம பெஞ்சா காசு போனா போவுதுன்னு கெளம்பிடுங்க. 2021 டிசம்பர் வெள்ளத்துல ஹூலு லங்காட்டும் பெந்தோங்கும் என்ன ஆச்சுன்னு நமக்கெல்லாம் தெரியும், ஆத்தோர வீடு படத்துக்கு அழகு, டிசம்பர் மாசத்துக்கு இல்ல.

ஆத்துல குளிக்கப் போனா 'கெப்பாலா ஆயர்' ஞாபகம் இருக்கட்டும். இங்க வெயில் காயும், மேல மலையில மழை கொட்டும், திடீர்னு மொத்தத் தண்ணியும் சுவர் மாதிரி எறங்கி வரும். தண்ணி கலங்குதா, எலையும் குச்சியும் நெறைய மெதந்து வருதா, மேல இருந்து ஓன்னு சத்தம் கேக்குதா, மூணும் சேர்ந்து வரட்டும்னு காத்திருக்காதீங்க, ஒண்ணு வந்தாலே பிள்ளைங்கள இழுத்துக்கிட்டு கரை ஏறுங்க, செருப்பு சட்டி எல்லாம் கெடக்கட்டும். கால்ல புண்ணு இருந்தா எறங்காதீங்க, எலி மூத்திரம் கலந்த தண்ணில வர்ற லெப்டோ காய்ச்சல் நம்ம ஊர்ல சகஜம், போயிட்டு வந்து ஒரு மாசத்துக்குள்ள காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தா ஆத்துல குளிச்சோம்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

எப்ப கெளம்பறது

சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு கோம்பாக் டோல்ல நின்னுக்கிட்டு 'ஏன் இவ்ளோ ஜாம்' னு கேக்கறவங்க நம்ம இனத்துல நெறைய பேரு. கெந்திங் போறவங்க, பெந்தோங் போறவங்க, கிழக்குக்கரைக்குப் போறவங்க எல்லாரும் அதே காராக் ஹைவேலதான் ஏறணும், கெந்திங் செம்பா தாண்டினாதான் மூச்சு விடலாம். ஆறரைக்கெல்லாம் கெளம்பிடுங்க, வழியில பசியாறிக்கலாம். முடிஞ்சா ஞாயிறு திங்கள்னு ரெண்டு ராத்திரி போடுங்க, வெலையும் கொறையும், பக்கத்து வீட்டுல ராத்திரி பன்னெண்டு மணிக்குக் கரோக்கே பாடறவங்களும் இருக்க மாட்டாங்க. ஜூன் மாசம் சிங்கப்பூர் பிள்ளைங்களுக்கும் லீவு, அத மறந்துட்டு ஜூன்ல எடம் தேடினா வெலை கேட்டே காய்ச்சல் வரும். ஆனா ஜூன் ஜூலை டுரியான் காலம், பெந்தோங் பக்கம்னா அதுக்காகவே போகலாம், இதுல நான் ஒண்ணும் நியாயம் பேசல.

கடைசி ஐநூறு மீட்டர் ரோடு எப்படின்னு கேளுங்க. 'சின்ன காடி போகும்' னு சொன்னா சின்ன காடி மழை இல்லாத அன்னைக்குப் போகும்னு அர்த்தம். எங்க மைவி காடி மூணு பேர் எறங்கித் தள்ளினாதான் ஏறுச்சு, மாமியார் முன் சீட்டுல உக்காந்துக்கிட்டு "நான் எறங்கணுமா" ன்னு ஒரு மரியாதைக்குக் கேட்டாங்க. மேப்பை முன்னாடியே டவுன்லோட் பண்ணிடுங்க, மலைக்குள்ள லைன் கெடைக்காது.

சாப்பாடும் சாமானும்

பெரும்பாலும் வெளியில ஒரு பார்பிக்யூ அடுப்பு இருக்கும். அந்தக் கம்பியில நேத்து யாரு என்ன சுட்டாங்கன்னு தெரியாது, நம்ம வீட்டுல மாட்டெறச்சி தொடாதவங்க இருப்பாங்க, அதனால மிஸ்டர் டிஐஒய் கடையில ஒரு கம்பி வலை வாங்கிட்டுப் போயிடுங்க, பத்து பன்னெண்டு வெள்ளிக்குள்ள முடியும், மனசும் நிம்மதி. முதலாளி முஸ்லிமா இருந்தா பன்னி எறச்சி கூடாது, சில எடத்துல பீரும் கூடாது, இத அங்க போய்த் தெரிஞ்சுக்கிட்டு மூஞ்ச தூக்கி வச்சுக்கற மச்சான்மாரு இருக்காங்க, அவங்களுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

கோழியில மசாலா, தயிர், உப்பு எல்லாம் பெரட்டி முதல் நாள் ராத்திரியே பையில போட்டு ஃப்ரீசர்ல கல்லு மாதிரி ஆக்கிடுங்க. ஐஸ் பெட்டியில அதுதான் ஐஸ், போய்ச் சேர்றதுக்குள்ள பக்குவமா கரைஞ்சு சாயந்திரம் சுடத் தயாரா இருக்கும். ரெண்டு டின் சார்டின், வெங்காயம், மொளகா, ஒரு குட்டி ரைஸ் குக்கர் கட்டாயம், மழை வந்து அடுப்பு அணைஞ்சா சார்டின் சம்பலும் சோறும்தான் காப்பாத்தும். எங்களக் காப்பாத்துச்சு. மாமியார் செவ்வாக்கெழம சைவம், அவங்களுக்குன்னு தனியா ஒரு சின்ன சட்டி. குப்பையையும் சாப்பாட்டையும் ராத்திரி வெளிய வைக்காதீங்க, கொரங்கு காலைல ஆறரைக்கு டூட்டிக்கு வந்துடும், பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டாலே அதுக்குப் புரிஞ்சிடும். ரொட்டிப் பாக்கெட்ட தூக்கிட்டுப் போய் கூரை மேல உக்காந்து எங்க பையனப் பாத்துக்கிட்டே தின்னுச்சு, அவன் அழுததுக்குக் கணக்கே இல்ல.

கொசுவத்தி, டார்ச், மாத்து செருப்பு, ஒரு பொட்டலம் உப்பு. உப்பு அட்டைக்கு. கடிச்ச அட்டைய இழுத்துப் பிடுங்காதீங்க, நகத்த வச்சு வாய் பக்கம் மெதுவா தள்ளினா விட்டுடும், உப்ப சாக்ஸுக்கு மேல தேச்சு வச்சா ஏறவே யோசிக்கும். சொந்தமா ஒரு பெட்ஷீட், தலகாணி உறை, இது கூச்சப்படற விஷயமே இல்ல.

போய்ச் சேந்த பிறகு

சாமான் எறக்கறதுக்கு முன்னாடி வீட்டச் சுத்தி ஒரு வீடியோ எடுங்க, ஒடஞ்ச கண்ணாடி, கறை பட்ட மெத்தை, ஆடற கதவு எல்லாம் அதுல இருக்கட்டும். டெபாசிட் பிடிக்கறேன்னு சொல்றப்ப வீடியோதான் பேசும். எங்களுக்கு வட்டக் கதவோட தாழ்ப்பாள் சரியா விழல, நல்லவேளை அதப் படம் எடுத்து வச்சிருந்தேன், கெளம்பற அன்னைக்கு 'நீங்கதான் ஒடச்சீங்க' ன்னு ஆரம்பிச்சாங்க, படத்துல மணியும் தேதியும் இருக்கவும் பேச்சு நின்னுடுச்சு. 100 வெள்ளியும் கைக்கு வந்துச்சு.

பிள்ளைங்களுக்கு ராத்திரிக்குன்னு ஏதாச்சும் யோசிச்சுட்டுப் போங்க, வைஃபை இருக்காது, மந்திர வீடுன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போய் எட்டு மணிக்குப் போன நோண்ட விட்டா அப்புறம் எதுக்கு அந்த வட்டக் கதவு. நாங்க ஒண்ணும் யோசிக்கல, அன்னைக்கு ராத்திரி கரண்ட் போச்சு. மெழுகுவத்தி வெளிச்சத்துல மாமியார் ஆரம்பிச்சாங்க, ஏழு மலை ஏழு கடல் தாண்டி ஒரு மரம், மரத்துல ஒரு கூண்டு, கூண்டுல ஒரு கிளி, அந்தக் கிளிக்குள்ள ராட்சசன் உயிரு. சின்னவன் என் மடியில ஏறிட்டான். அப்புறம் கித்தாக் காட்டுல, அதான் ரப்பர் தோட்டத்துல, விடியக்காலைல பால் வெட்டப் போறப்ப முனி கூட நடந்து வந்த கதை, திரும்பிப் பாக்கக் கூடாதாம், பேரச் சொல்லிக் கூப்பிட்டா மூணாவது தடவ வரைக்கும் பதில் சொல்லக் கூடாதாம். வெளிய எதோ தவளை கத்தினதுக்கு என் வீட்டுக்காரர் எந்திரிச்சுப் போய் அந்த விழாத தாழ்ப்பாளுக்கு நாற்காலிய முட்டுக் குடுத்துட்டு வந்தாரு.

கெளம்பறப்ப பெட்ஷீட்ட உருவி ஒரு மூலையில போட்டு, கேஸ மூடி, ஃப்ரிட்ஜ் காலியான்னு பாத்துட்டு, ஞாயித்துக்கெழமன்னா மதியம் ஒரு மணிக்குள்ள ஹைவேல ஏறிடுங்க, இல்லன்னா ராத்திரி சாப்பாட்ட முடிச்சுட்டு ஒன்பது மணிக்கு மேல எறங்குங்க, நடுவுல எறங்கினா ஜாம்தான்.

வீட்டுக்கு வந்து மூணு நாள் கழிச்சு டெபாசிட் ரசீது மாமியார் கையில மாட்டிக்கிச்சு. கண்ணாடியப் போட்டு நிதானமாப் படிச்சாங்க, ஒண்ணும் சொல்லல. சாயந்திரம் டீ குடிக்கறப்ப மட்டும், "அடுத்த லீவுக்கு அந்த மரத்து மேல வீடு எவ்ளோன்னு கேளும்மா, அதுவும் 200தான் இருக்கும்ல?" ன்னாங்க.